சோகை

கரும்புத் தோட்டத்தில் காய்ந்து தொங்கும் தோகையைச் சோகை என்பார்கள். உடம்பு வெளிறிப்போவதற்கும் அதே சொல். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நோயைக் குறிக்கும் சோகைக்கு வீக்கம் என்று பொருள்படும் 'சோபை' என்ற வடசொல்லை மூலமாகக் காட்டுவதும் உண்டு. முற்றிய சோகையில் கால் வீங்கும், முகம் ஊதும் என்பதால் அது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. வைத்திய நூல்களில் இன்னொரு பெயர் பாண்டு. வெளிர்நிறம் என்று பொருள். பாரதத்துப் பாண்டுவின் பெயரும் இதுவே.

இன்றைய 'ரத்தசோகை' ஹீமோகுளோபின் கணக்கு. கர்ப்பிணிக்கு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. இடை மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகப் பெருகி ரத்தம் நீர்த்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்குச் சோகை. பெரும்பங்கு இரும்புக் குறைவால். ஃபோலிக் அமிலம், பி12 குறைந்தாலும் வரும்.

மசக்கையில் மண்ணும் சாம்பலும் தின்னத் தோன்றுவதை ஆசை என்று விட்டுவிடுகிறோம். இரும்புக் குறைவின் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

சித்த வைத்தியர்கள் சோகைக்குத் தருவது அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையிலும் பெரும்பாலும் அந்த உப்புதான்.