வெம்பிளியில் விழுந்த ஒன்பது

வெற்றியும் தோல்வியும் விளையாட்டிற்கு இயல்பு. இதனை அறியாதார் இலர். ஆயினும், சில தோல்விகள் ஆட்டம் முடிந்த அன்றே முடிந்துவிடுவதில்லை. பாட்டன் தந்தைக்கும் தந்தை மகனுக்கும் சொல்லும் கதைகளாக நிலைத்துவிடுகின்றன. அத்தகைய தோல்வியொன்று 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் ஸ்கொத்லாந்து உதைபந்தாட்ட அணிக்கு நேர்ந்தது. அன்று இங்கிலாந்து 9 கோல்களையும் ஸ்கொத்லாந்து 3 கோல்களையும் போட்டன. அத்தோல்வியை இரசிகர்கள் நினைவிற் கொண்ட முறை நேர்மையானதா என ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இவ்வாட்டம் அம்மக்களுக்கு எத்தகையது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். நாடுகளுக்கிடையிலான முதலாவது உதைபந்தாட்டம் 1872 நவம்பர் 30இல் கிளாஸ்கோ நகரில் இவ்விரு நாடுகளுக்குமிடையே நடைபெற்றது. இரு பகுதியாரும் கோல் போடாமலே பிரிந்தனர். ஆளிலும் பொருளிலும் பெரிய அயல்நாட்டோடு சிறியதொரு நாடு சமனாக நின்று மோதும் களமாக அது வளர்ந்தது. ஈராண்டுக்கொருமுறை வெம்பிளிக்குச் செல்வதற்காக ஸ்கொத்லாந்துத் தொழிலாளர் தமக்குள்ளே சங்கம் அமைத்துக் கிழமைதோறும் சிறு தொகை சேர்த்து வந்தனர். 1928இல் அங்கே 5–1 என வென்ற தம் அணியினரை 'வெம்பிளி மந்திரவாதிகள்' எனப் போற்றியவர்கள் அவர்கள். அவ்வாறு காசு சேர்த்துச் சென்றவர்களின் கண்முன்னேதான் ஒன்பது கோல்களும் விழுந்தன.

முதற்பாதியில் இங்கிலாந்து 3–0 என முந்தி நின்றது. இடைவேளைக்குப் பின் டேவ் மக்காயும் டேவி வில்சனும் விரைவில் ஒவ்வொரு கோல் போட, நிலைமை 3–2 ஆயிற்று. இரசிகர் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது. ஆனால், இறுதி இருபது நிமிடங்களுக்குள் மாத்திரம் இங்கிலாந்து ஐந்து கோல்களைக் குவித்தது. ஜிமி கிறீவ்ஸ் தனியொருவராகவே மூன்று கோல்கள் போட்டார்.

பழி முழுவதும் கோல்காப்பாளர் பிராங்க் ஹஃபி மீது விழுந்தது. அப்போது அவருக்கு வயது 22. ஏறத்தாழ எம் வயது. 'மணி என்ன?' என ஒருவர் கேட்க, 'ஹஃபியைக் கடந்து ஒன்பது' என மற்றவர் விடை கூறும் பகடி நாடெங்கும் வழங்கிற்று. அவர் மீண்டும் நாட்டின் அணியிற் சேர்க்கப்படவில்லை. செல்ரிக் கழகத்திற் சில ஆண்டுகள் தொடர்ந்து இருந்தபின், 1960களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியா சென்றார். அத்தோல்வியே அவரை நாடு கடத்தியது என்று கதை வளர்ந்தது.

அவர் பிழை விடவில்லை என வாதாட நாம் முன்வரவில்லை. ஆனால், எதிர்த்து நின்ற அணி எத்தகையது? 1960-61 பருவத்தில் இங்கிலாந்து வட அயர்லாந்துக்கு எதிராக 5, லக்சம்பேர்க்குக்கு எதிராக 9, ஸ்பெயினுக்கு எதிராக 4, வேல்சுக்கு எதிராக 5 எனக் கோல்கள் போட்டிருந்தது. அடுத்த மாதம் மெக்சிக்கோவுக்கு எதிராக 8 போட்டது. வெம்பிளியின் ஒன்பதையும் சேர்த்து ஆறு ஆட்டங்களில் 40 கோல்கள்! அந்தக் காப்பாளர்களெல்லாம் ஹஃபிகளா? வெள்ளம் வந்த வழியை ஆராயாது, வீட்டின் கதவை மாத்திரம் குறை சொல்லலாமோ?

பின்னர் நிகழ்ந்தவற்றையும் நோக்குவோம். மறு ஆண்டே ஸ்கொத்லாந்து 2–0 என இங்கிலாந்தை வென்றது. 1961இல் தோற்ற எரிக் கால்டோ, பில்லி மக்நீல், டெனிஸ் லோ, இயன் சென் ஜோன், வில்சன் ஆகிய ஐவரும் அவ்வெற்றியிற் பங்குகொண்டனர். இரு கோல்களையும் போட்டவர்கள் வில்சனும் கால்டோவுமே. 1963இலும் 1964இலும் வெற்றி தொடர்ந்தது. 1967 ஏப்பிரல் 15இல், சரியாக ஆறாண்டுகளின் பின் அதே நாளில், அதே வெம்பிளியில், உலகக் கிண்ணம் வென்றிருந்த இங்கிலாந்தை ஸ்கொத்லாந்து 3–2 என வீழ்த்தியது. முதற் கோல் லோவுடையது. அடுத்த மாதம் மக்நீல் தலைமையிற் செல்ரிக் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. ஒன்பது கோல்கள் விழுந்த நாளே மக்நீல் நாட்டுக்காக ஆடிய முதல் நாள் என்பதை எத்தனைபேர் நினைவுகூர்கின்றனர்?

இங்கேதான் உண்மை புலனாகின்றது. தோற்றவர் பதினொருவர். பலருக்கு அக்கறையைக் கழுவ மறுவாய்ப்புக் கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் பெயரோடு வெற்றிகளும், அவர் பெயரோடு ஒன்பதும் ஒட்டிக்கொண்டன. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மையே. ஆனால், வரலாறு ஊர்வாயாக இருத்தல் ஆகாது. கூட்டாகப் பெற்ற தோல்வியைக் கூட்டாகவே சுமக்கப் பழகுவோமாக. தோற்ற இளைஞனுக்கு இன்னொருமுறை களத்தில் இடமளிப்பதே பகடி பேசுவதினும் பெரிய ஆண்மை.