மறைமலை அடிகள் பாலம், சைதாப்பேட்டை

சென்னையில் அண்ணா சாலை அடையாற்றைக் கடக்கும் இடத்தில், வடகரையில் சைதாப்பேட்டைக்கும் தென்கரையில் சின்னமலைக்கும் நடுவே அமைந்த பாலம். நகருக்குள்ளிருந்து கிண்டி, மீனம்பாக்கம், தாம்பரம் வழியாகத் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் வண்டிகளுக்கு இதுவே பழைய வாசல். இன்றுள்ள பாலம் 1966இல் கட்டப்பட்டது. அதற்கு முன் ஏறத்தாழ 240 ஆண்டுகள் அங்கே நின்றது ஒரு வளைவுப் பாலம். அடையாற்றின் குறுக்கே எழுந்த முதல் பாலம் அதுதான்.

அதைக் கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி அரசன்று, கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பாரசீகத்தின் ஜூல்பாவைச் சேர்ந்த இவர், மணிலாவோடு நடத்திய வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் குடியேறியவர். புனித தோமையாரோடு தொடர்புபடுத்தப்படும் பரங்கிமலைக்கும், போர்ச்சுக்கீசியர் 1551இல் கோவில் எழுப்பிய சின்னமலைக்கும் செல்லும் அடியவர்கள், ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 1726இல் உஸ்கான் தம் சொந்தப் பணம் 30,000 வராகனைச் செலவிட்டுப் பாலத்தைக் கட்டினார். பராமரிப்புக்கென்று மேலும் 1,500 வராகனை ஒதுக்கினார். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் திருப்பணிதான். கட்டி முடித்ததும் கடமை முடிந்தது என்று எண்ணாமல், பழுதுபார்க்கவும் பணம் வைத்துப் போன இந்த முன்யோசனை இன்றைய ஒப்பந்தப் பணிகளிலும் அபூர்வம்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, உஸ்கான் அவர்களுக்குப் பணிய மறுத்துச் சொத்துகளை இழந்தார். 1751இல் இறந்த அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள் என்பர்.

பழைய பாலத்தை ஆங்கிலேயர் 'மார்மலாங்' பாலம் என்றனர். மாம்பலம் என்ற ஊர்ப்பெயர் ஐரோப்பியர் வாயில் அடைந்த உருவம் இது. ஆர்மீனியப் பாலம் என்ற பெயரும் வழங்கியது. அந்தப் பெயரில் தாமஸ் டேனியல் தீட்டிய காட்சி 1798இல் அச்சாகியது. பழைய பாலத்தின் உருவத்தை அறிய அது ஒரு நல்ல ஆதாரம். புதிய பாலத்துக்குத் தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் (1876–1950) பெயர் இடப்பட்டது. அவர் வாழ்ந்த பல்லாவரத்துக்கு இந்தச் சாலை வழியேதான் போக வேண்டும் என்பதால் பெயர் பொருத்தமானதே. பாலத்தருகே உஸ்கானை நினைவூட்ட எஞ்சியிருப்பது, பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் ஆகிய மொழிகளில் பொறித்த பழைய கல்வெட்டு மட்டுமே. நெடுங்காலம் வெயிலிலும் புகையிலும் தேய்ந்து கிடந்த அதைக் கடந்து போவோர் பலருக்கு அது என்ன கல் என்றே தெரியாது.

பழைய பாலம் வந்தபின் இரு கரைகளும் வேறுவேறாக வளர்ந்தன. காரணீசுவரர் கோவிலும் நெசவாளர் தெருக்களும் கொண்ட சைதாப்பேட்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாயிற்று. அங்கே நடந்த வேளாண்மைக் கல்வி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மட்டும் அங்கேயே நிலைத்தது. தென்கரையில் கிண்டி முதலில் ஆளுநர் மாளிகையும் குதிரைப் பந்தயமும் உள்ள மேட்டுக்குடி இடமாக இருந்தது. 1950களின் இறுதியில் தொழிற்பேட்டை வந்தபிறகுதான் அதன் முகம் மாறியது. சற்று மேற்கே ஆற்றைக் கடக்கும் ரயில் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. மெட்ரோவோ சைதாப்பேட்டையில் நிலத்தடியில் நின்று, ஆற்றுக்கு அடியில் புகுந்து, சின்னமலையில் மேலேறி வருகிறது.

அடையாறு பெரும்பாலான நாள்களில் சாக்கடையாகவே காட்சி தருவதால் அதன் வலிமையை நகரம் மறந்துவிடுகிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. திருநீர்மலைப் பக்கம் அந்த நீர் ஆற்றோடு கலந்தது. மேற்குப் புறநகர் ஏரிகளின் உபரியும் மழைநீரும் சேர, மறுநாள் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, நகரம் தெற்கிலிருந்து துண்டானது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் கரையோர வீடுகள் மூழ்கின. அணை நிர்வாகத்திலும் ஆக்கிரமிப்புகளைத் தடுப்பதிலும் நேர்ந்த தவறுகளைச் சுட்டிய மத்திய தணிக்கைத் துறை, இதை மனிதர் வருவித்த பேரிடர் என்றது. ஆனால் விலை கொடுத்தவர்கள் ஆற்றோரக் குடிசைவாசிகள்தாம். வெள்ளத்துக்குப்பின் அவர்களில் பல குடும்பங்கள், வேலையும் பள்ளியும் இருந்த இடத்தைவிட்டு வெகுதொலைவிலுள்ள பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன.

தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையின் மேல் 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைப் பணி 2024 ஜனவரியில் தொடங்கியது. அது ஆற்றைக் கடக்கவில்லை; அதில் தெற்கே போகும் வண்டிகளும் ஆற்றைத் தாண்ட இந்தப் பாலத்தைத்தான் நம்ப வேண்டும்.