ஆனர்ஸா, பாஸா?

கொல்கத்தாவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் பலர் முதலில் திணறுவது "ஆனர்ஸ்" என்ற வார்த்தையில்தான். ஊரில் நான் படித்தது வெறும் பி.காம். பேங்க் வேலையாக இங்கே வந்த புதிதில், "எதில் ஆனர்ஸ்?" என்று கேட்பார்கள். பி.காம்னா பி.காம்தானே ஐயா, அதில் என்ன தனியாக ஆனர்ஸ் என்று முழிப்பேன்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு பாடத்தை ஆழமாகப் படித்தால் ஆனர்ஸ். பல பாடங்களைப் பொதுவாகப் படித்தால் பாஸ். எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்று மேலே போக ஆனர்ஸ்காரர்களுக்குத்தான் முதல் பந்தி. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் சேர, பிளஸ் டூவில் மொத்தம் 50 சதவீதம், அந்தப் பாடத்தில் 45 சதவீதம் வேண்டும் என்று பல வருஷம் விதி இருந்தது. மொத்தத்தில் குறைந்தால் பாடத்தில் 55.

ஆனால் மார்க் மட்டுமே எப்போதும் தகுதியாக இருந்ததில்லை. நாங்கள் குடியிருக்கும் கிடர்பூரில் அப்பா வீட்டிலிருந்து படித்தவர் மைக்கேல் மதுசூதன் தத். 1817-ல் தொடங்கிய இந்துக் கல்லூரியின் கெட்டிக்கார மாணவர். 1843-ல் கிறிஸ்தவரானதும், இந்துக்களுக்கு மட்டுமேயான அந்தக் கல்லூரியில் அவருக்கு இடமில்லாமல் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிஷப்ஸ் காலேஜில் படித்தார். அப்புறம் எங்கே போனார் தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கு! 1848 முதல் 1856 வரை அங்கே வாத்தியார், பத்திரிகையாளர். அவர் அங்கே இருக்கும்போதே, 1855-ல், இந்துக் கல்லூரி பிரசிடென்சி காலேஜாக மாறி எல்லா மதத்தாருக்கும் கதவு திறந்தது.

பல்கலைக்கழகம் வந்தது 1857-ல். அடுத்த வருஷம் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர், பங்கிம் சந்திரரும் ஜதுநாத் போஸும். அவர்களும் ஆறில் ஒரு பாடத்தில் சில மார்க் குறைந்து, கிரேஸ் மார்க்கில் கரையேறியவர்கள்! 1886-ல் பெத்யூன் காலேஜின் காமினி ராய் சமஸ்கிருத ஆனர்ஸோடு பட்டம் வாங்கினார். இந்தியப் பெண்களில் அவர்தான் முதல் ஆனர்ஸ் பட்டதாரி.

நம்ம ஊரிலும் ஆனர்ஸ் இருந்ததுதான். விஞ்ஞானி சந்திரசேகர் 1930-ல் மெட்ராஸ் பிரசிடென்சியில் முடித்தது பி.எஸ்ஸி. ஆனர்ஸ். பிறகு அந்தப் படிப்பு அங்கே வழக்கொழிந்ததால் என் தலைமுறைக்கு அந்த வார்த்தையே அந்நியமாகிவிட்டது.

இப்போது விதி மறுபடி மாறியிருக்கிறது. 2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட திட்டப்படி மூன்று வருஷம், 120 கிரெடிட் முடித்தால் பட்டம். நான்காம் வருஷமும் படித்து 160 கிரெடிட் ஆனால்தான் ஆனர்ஸ். ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். வங்காளத்தில் நாலு வருஷப் படிப்பு 2023-ல் ஆரம்பமானது.

ஆகவே அப்பா அம்மாக்களே, மாமா காலத்துக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். பையனோ பெண்ணோ சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் அந்த வருஷத்து விதியை வரி விடாமல் படியுங்கள். நாலாவது வருஷத்துக்கான ஃபீஸை இப்போதே எடுத்து வையுங்கள். அந்த 75-க்கான ஓட்டம் முதல் செமஸ்டரிலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.