கேஸ் ஷீட்டை முதல்ல கேட்டு வாங்குங்க!

மங்கலம்பேட்டையில் ஒருவருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்றால், முதலில் விருத்தாசலம். அங்கே கை விரித்தால் கடலூர் அல்லது சிதம்பரம். அதுவும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். இப்படி மூன்று மருத்துவமனை ஏறி இறங்கும்போது, எந்த ஊசியை எங்கே போட்டார்கள் என்பதே வீட்டுக்காரர்களுக்கு மறந்துவிடும். தப்பு நடந்திருந்தால், அதற்கான ஆதாரம் தொலைவதும் இந்த அலைச்சலில்தான்.

நம்ம பக்கத்தில் இதுக்கு ரெண்டே வழிதான் பார்த்திருப்பீங்க. ஒன்று, 'போனது போச்சு, விதி!' மற்றொன்று சாலை மறியல். கோபத்தில் மருத்துவமனை கண்ணாடியை உடைத்தால், 2008-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி அது ஜாமீனில் வர முடியாத குற்றம். பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு எழும்பூர் வழக்கே சாட்சி. 1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில், ஒண்ணேகால் கிலோ எடையோடு பிறந்தது. இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண் பரிசோதனை செய்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. பரிசோதனையும் நடக்கவில்லை, பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைக்குப் பார்வை போனது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் கொடுக்கச் சொன்ன இழப்பீடு, சுமார் 1.8 கோடி ரூபாய். எழுதப்படாத அந்த ஒரு வரியும் வழக்கில் பேசியது!

அதனால் முதல் வேலை, சிகிச்சை ஆவணங்கள் முழுவதையும் எழுத்தில் கேட்பது. கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகள்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மனுவின் நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இறந்தவர் விஷயத்தில் இன்னொன்று. சொல்லவே சங்கடமாகத்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே போலீஸில் புகார் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். தகனம் முடிந்த பிறகு நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.

அடுத்து, ஆவணங்களை அதே துறையைச் சேர்ந்த வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். ஏனென்றால், சிகிச்சை பலிக்காததெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்றுதான் கோர்ட் பார்க்கும்.

காசு கொடுத்துப் பார்த்த சிகிச்சை என்றால் நீங்கள் நுகர்வோர். இதை 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பில் கட்டியிருந்தாலும் அப்படித்தான். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு அது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பில் 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போதும். பில் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு வருடம். சமாதானம் பேசலாம் என்று மருத்துவமனை இழுத்தடித்தாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி அடைபடும். அப்போது உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2018-ல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்ட விவகாரத்தில், 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கும் அதிகாரம் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் அங்கே இழப்பீடு கிடைக்காது. கிரிமினல் வழக்கு இன்னும் கடினம். படுமோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவில், டாக்டருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை.

வக்கீலுக்குப் பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. விருத்தாசலம் கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915. போகும்போது, எந்தத் தேதியில் எந்த மருத்துவமனை, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.