வீயும் வீவும்

நாவல், குடாவோடு புணர்ந்து நாவற்குடா என்ற ஊர்ப்பெயர் ஆனபோது லகரம் றகரமாகி ஒலி சற்றே இறுகியது. ஆயினும் மரமும் நீரும் அப்பெயருக்குள் கலங்காமல் நிற்கின்றன. அறிவியற் பெயர் ஒன்றையும் இவ்வாறே பிரித்துச் சுவைக்கலாம், சொல்லன்பர்களே: அப்பொப்டோசிஸ்.

அப்பெயருக்குரிய நிகழ்ச்சியை முதலிற் கண்ணாற் காண்போம். வரிக்குதிரை மீனின் குடம்பி ஒளி ஊடுருவும் உடலது. அதனை உயிரோடு அக்ரிடின் ஆரஞ்சுச் சாயம் கரைந்த நீரில் சிறிது நேரம் இருளில் வைத்து, கழுவி, நீல ஒளியூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால், இறந்துகொண்டிருக்கும் கலங்கள் பச்சைப் புள்ளிகளாய்ப் பளிச்சிடும். ஆரஞ்சு என்பது சாயப்பொடியின் நிறம், டி.என்.ஏயோடு பிணைந்ததும் அது உமிழ்வது பச்சை. ஒளிரும் கலம் சுருங்கும், துண்டுகளாகும், அயற்கலங்களால் விழுங்கப்படும். மூளையும் கண்ணும் உருப்பெறும்போதே நிகழும் இவ்விறப்பு நோயன்று. வளர்ச்சியின் ஒரு கூறு.

ஆஸ்திரேலியரான ஜான் கெர், 1971இல் 'சுருங்கி மாய்தல்' என்ற பொருள்படவே இதற்குப் பெயரிட்டார். 1972இல் கெர், வைலி, கரி ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையில், அபர்தீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக் எடுத்துக்கொடுத்த சொல் அரங்கேறியது. 'அப்போ' நீங்குதல், 'ப்டோசிஸ்' வீழ்தல். பூவினின்று இதழும் மரத்தினின்று இலையும் உதிர்வதைக் குறித்த பழஞ்சொல். பின்பாதியைப் பகரம் ஒலியாமல் 'டோசிஸ்' என்றே பலுக்குக என்று, வேர் மறையாதிருக்க, அவர்கள் ஒலிப்பும் வகுத்தனர்.

தமிழில் இதனைக் 'கலத் தற்கொலை' என்பாரும், 'திட்டமிட்ட கல இறப்பு' என்பாரும் உளர். முன்னது இயல்பான நிகழ்வின்மேல் துயரை ஏற்றுகிறது. பின்னது விளக்கமேயன்றிப் பெயராகவில்லை. நம் முன்னோரோ பூவின் பருவங்களை அரும்பு, போது, மலர் என அடுக்கி, உதிரும் பூவை 'வீ' என்றனர். அந்த ஓரெழுத்தே வினையாகி 'வீதல்' என இறத்தலைக் குறிக்கும். 'வீவு' அதன் தொழிற்பெயர். கிரேக்கம் இரு சொல்லைக் கூட்டிப் பெற்ற பொருளை, உதிர்வும் இறப்பும் ஒன்றாய் ஒலிக்கும் ஒரு நெடிலுக்குள் தமிழ் வைத்திருக்கிறது.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள், மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்தவர். அவர் வழிவந்த பாடநூலாசிரியர்கள் 'கல வீவு' என்பதைத் தயங்காது ஆளலாம். ஆள ஆளத்தான் சொல் வாழும்.