படிவத்தில் விமான எண் எதற்கு? – ஏர்போர்ட் ஷட்டிலின் சின்ன வரலாறு

ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போக ஷட்டில் வேனை முன்பதிவு செய்யும்போது படிவத்தில் ஒரு கட்டம் வரும்: 'உங்கள் விமான எண்?' இறங்கும் நேரத்தைத்தான் ஏற்கெனவே கொடுத்தாச்சே, எண் எதுக்குன்னு அதைக் காலியாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக் கேள்வி ஒன்று இருக்கிறது. விமானம் லேட்டானால் யார் காத்திருப்பது?

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். 1924-ல் தொடங்கிய இம்பீரியல் ஏர்வேஸ், லண்டன் நகருக்குள்ளேயே பயணிகளைக் கூட்டி, பஸ்ஸில் கிராய்டன் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனது. பெட்டியோடு சேர்த்து ஆளையும் எடை போட்டு விமானத்தில் ஏற்றிய காலம் அது. பஸ், விமானம் இரண்டும் ஒரே கம்பெனியின் பொறுப்பு. காத்திருப்பதும் அவர்கள் பாடு.

ராத்திரி தங்கணுமா? 1928-ல் கிராய்டன் நிலையத்தை ஒட்டியே ஏரோட்ரோம் ஹோட்டல் வந்தது. 1931-ல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு, தன் விமான நிலையத்துக்கு எதிரே டியர்பார்ன் இன் என்ற ஹோட்டலைத் திறந்தார். ரோட்டைக் கடந்தால் ரூம். ஷட்டிலுக்கு வேலையே இல்லை.

போருக்குப் பிறகும் லண்டனில் பழைய ஏற்பாடு கொஞ்ச காலம் ஓடியது. பிஇஏ நிறுவனத்தின் பயணிகள் நகருக்குள் குரோம்வெல் ரோடு டெர்மினலிலேயே செக்-இன் செய்துவிட்டு, பஸ்ஸில் ஹீத்ரோ போகலாம். 1960-களில் இதற்காகவே 65 ரூட்மாஸ்டர் டபுள் டெக்கர்கள் வந்தன. பின்னால் லக்கேஜுக்குத் தனி டிரெய்லர்! ஆனால் ஜெட் விமானங்கள் பெருசாக ஆக, கூட்டமும் பெருகியது. 1974-ல் அந்த செக்-இன் நின்றது. 1977-ல் பாதாள ரயில் ஹீத்ரோவைத் தொட்டது. ஏர்போர்ட்டுக்கு வெளியே நீங்கள் எப்படிப் போகிறீர்கள் என்பது இனி உங்கள் கவலை.

இதே காலத்தில்தான் ஏர்போர்ட் ஹோட்டல்கள் பெருகின. ஹீத்ரோவின் வடக்கு எல்லையில் பாத் ரோடு நெடுக ஹோட்டல் வரிசை. ஆனால் ஹோட்டலுக்கும் நடு டெர்மினல்களுக்கும் இடையே ஒரு முழு ரன்வே. அதன் அடியில் போகும் சுரங்கச் சாலைதான் வழி. கண்ணுக்குத் தெரிகிற கட்டடத்துக்கு வண்டி இல்லாமல் போக முடியாது. அதனால் ஹோட்டல்கள் ஆளுக்கொரு இலவச பஸ் விட்டன. இலவசம் என்பது பேச்சுக்குத்தான், செலவு ரூம் வாடகையில் இருக்கும். பாதி காலியான பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே டெர்மினலைச் சுற்றி வந்தால் நெரிசலும் புகையும்தானே மிச்சம்? பிறகு பல ஹோட்டல்களுக்கும் பொதுவாக, கட்டணத்தோடு 'ஹாப்பா' பஸ்கள் வந்தன.

இந்தச் சுற்று பஸ்ஸுக்கு உங்கள் பெயரும் தெரியாது, விமானமும் தெரியாது. விட்டால் அடுத்தது. கடைசி பஸ் போய்விட்டால்? அது உங்கள் பாடு.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் வேறு வழி பிறந்தது. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, போட்டியில் டிக்கெட் விலை இறங்கி, கூட்டம் ஏறியது. 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் சூப்பர்ஷட்டில் தொடங்கியது. முன்கூட்டியே பதிவு செய்த, ஒரே திசையில் போகிற நாலைந்து பேரை ஒரே நீல வேனில் ஏற்றி, அவரவர் வாசலில் இறக்கிவிடுவார்கள்.

சாஃப்ட்வேர்காரனான எனக்கு இங்கேதான் சுவாரஸ்யம் கூடியது. யாரை எந்த வண்டியில், எந்த வரிசையில் ஏற்றுவது என்பது பெயர் பெற்ற கணக்கு. 1986-ல் ஜா, ஒடோனி, சராஃப்டிஸ், வில்சன் என்ற நால்வர் முன்பதிவுக் கோரிக்கைகளுக்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள். (இந்த ஒடோனிதான் பின்னாளில் விமான நிலைய அமைப்புகள் பற்றிய பாடப்புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர்.) யோசனை எளிமையானது. புதிதாக ஒருவர் வந்தால், ஒவ்வொரு வண்டியின் பட்டியலிலும் அவரைச் செருகிப் பார். ஏற்கெனவே மற்றவர்களுக்குக் கொடுத்த நேரம் உடையக்கூடாது. அந்த எல்லைக்குள் எங்கே செலவு குறைவோ, அங்கே வை. முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். நீங்கள் சீக்கிரம் சொன்னால், உங்களோடு சேர்க்க ஆள் தேட முடியும். விலை குறைவதும் அதனால்தான்.

ஏர்போர்ட்டுக்குப் போகும்போது இந்தக் கணக்கு அழகாக வேலை செய்யும், ஏனென்றால் நேரம் உறுதி. வரும்போதுதான் சிக்கல். விமானம் லேட், இமிக்ரேஷன் வரிசை, பெட்டி பெல்ட். ஒரே விமானத்தில் வந்தாலும் கைப்பையோடு வந்தவர் முதலில் வேனில் ஏறிவிடுவார். பெட்டி போட்டவருக்காக அவர் காத்திருக்கணும். மிச்சம் பிடித்த பணத்துக்கு நேரமாக வட்டி கட்டுகிறோம்.

அந்த வட்டியை ஆப் டாக்சிகள் தூக்கி எறிந்தன. இறங்கிய பிறகு கூப்பிட்டால் போதும். பழைய சூப்பர்ஷட்டில் 2019 டிசம்பர் 31-உடன் நின்றது (பெயர் மட்டும் பிறகு திரும்பி வந்தது). ஆனால் இறங்கிய பிறகு கூப்பிடும் ஆப் டாக்சி உங்களுக்கு முன்கூட்டி எந்த வாக்கும் கொடுப்பதில்லை. நள்ளிரவில், தூங்கும் குழந்தையோடு, நாலு பெட்டியோடு இறங்கும்போது வண்டி கிடைக்குமா, என்ன விலை என்பது அப்போதுதான் தெரியும்.

விமான எண் கட்டத்தின் அர்த்தம் இப்போது புரியும். இறங்கும் நேரத்தை மட்டும் கொடுத்தால் அந்த நேரத்துக்கு வண்டி வரும், அவ்வளவுதான். எண்ணைக் கொடுத்தால் தாமதத்தைக் கண்காணிக்கும் வேலை அவர்கள் தலையில் விழுகிறது. இம்பீரியல் ஏர்வேஸ் பஸ் சுமந்த பொறுப்பில் மிஞ்சியது இந்தக் கட்டம்தான்.

எனவே பதிவு செய்யும்போது மூன்று விஷயம் பாருங்கள். விமானம் மாறி வந்தால் கடைசி விமானத்தின் எண்ணைக் கொடுங்கள். காத்திருப்பு நேரம் எதிலிருந்து தொடங்குகிறது, உண்மையில் தரையிறங்கியதிலிருந்தா, பதிவு செய்த நேரத்திலிருந்தா என்று விதிகளில் படியுங்கள். ராத்திரி 12 தாண்டி இறங்கினால் தேதி மாறும், கிளம்பிய தேதியைப் போட்டுவிடாதீர்கள். விமான எண்ணே கேட்காத நிறுவனம் என்றால், தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்னாடியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.