ஜீப்புக்கு முன்னால் ஒரு கொக்கி

ஏலமலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளை நம் ஊர்ப் பக்கம் தினமும் பார்க்கிறோம். விடிவதற்கு முன்பே தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் சாலையோரம் காத்திருப்பார்கள். ஆனால் அந்த ஜீப்பின் முகப்பில், பம்பரை ஒட்டித் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கொக்கியை யாரும் கவனிப்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1940இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. அந்த ஜீப்புக்குப் பின்னால் உறுதியான கொக்கி உண்டு. டிரெய்லரையும் சிறிய பீரங்கியையும் இழுக்க அது வேண்டும். முன்னால் வெறும் இரும்புச் சட்டப் பம்பர்தான். சேற்றில் மாட்டினால் சிப்பாய்கள் பம்பரிலேயே கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். 1950இல் வந்த எம்-38 என்ற அடுத்த ராணுவ ஜீப்பில் முன் பம்பரிலேயே இரண்டு வளையங்கள் வைத்தார்கள். இழுக்கிற வண்டியும் ஒருநாள் இழுபடும் என்பதைப் போர் கற்றுக்கொடுத்துவிட்டது.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த கதையும் சுவையானது. 1945இல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகப் போய்விட்டார். 1948இல் கம்பெனி ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. பாகங்கள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும். இங்கே எடுத்துப் பூட்டுவார்கள். ஆக, நம் ஜீப்பே முதலில் ஒரு ‘கிட்’ வண்டிதான்.

அதே காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து ‘ஹாட் ராட்’ என்ற வேக வண்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அதற்கும் கிட் வந்தது. எடை குறையவும் அழகுக்காகவும் பலர் முன் பம்பரையே கழற்றிவிட்டார்கள். வண்டி நின்றுபோனால் கயிறு கட்ட இடம் தேட வேண்டியதுதான். இன்று கார் பந்தயங்களில் முன்னும் பின்னும் இழுவை வளையம் கேட்கிறார்கள். அதைப் பளிச்சென்று தெரியும் நிறத்தில் வைக்கவும் சொல்கிறார்கள். அவர்கள் வேகத்துக்காக வண்டி கட்டினார்கள்; நம்மவர்கள் மலைக்காகக் கட்டினார்கள்.

முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அது தார்ச்சாலை, பயமில்லை. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் தோட்டத்துக்குள் பிரியும் மண்பாதையில்தான் வினை. கீழே ராசிங்காபுரத்தில் வெயில் காயும்; மேலே ஆடிச் சாரல் விடாது. காய் எடுப்பும் அந்த ஈரத்தில்தான் தொடங்கும். ஏறும்போது வண்டி சேற்றில் இறங்கினால் மேலே நிற்கும் இன்னொரு ஜீப்தான் இழுக்க வேண்டும். அப்போது பின் கொக்கி உதவாது. முன்னால் வேண்டும்.

கொக்கி இல்லாத வண்டியில் முன் அச்சில் கயிறு கட்டுவார்கள். பிரேக் குழாய் நசுங்கும், ஸ்டீயரிங் ராடு வளையும். பம்பரில் கட்டினாலோ, பம்பரே பிய்த்துக்கொண்டு வரும். நான் ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். போல்ட்டு தெறித்த சத்தத்தில் எல்லோரும் உறைந்துபோய் நின்றோம். அன்று யாருக்கும் அடிபடவில்லை.

காரணம் எளிது. ராணுவத்தின் மீட்பு வேலையில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும், மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. 1,300 கிலோ ஜீப்புக்கு அது 2,600 கிலோ. ஏற்றமாக இருந்தால் இன்னும் கூடும். வெடுக்கென்று இழுத்தால் அதைவிடவும் ஏறும். பம்பரைப் பிடிக்கும் நாலு போல்ட்டு அதற்காகச் செய்ததல்ல.

விவரம் தெரிந்த பட்டறைக்காரர் என்ன செய்வார்? கொக்கியைப் பம்பரில் ஒட்டவைக்க மாட்டார். சேஸ் சட்டத்தின் நுனியில், உள்பக்கம் தடிப்பான தகடு கொடுத்து, கொக்கிக்கு இரண்டு உயர்ரக போல்ட்டாவது போட்டு முடுக்குவார். வெறும் வெல்டிங்கை நம்ப மாட்டார். சூடு பட்ட இடம் பலமிழந்து, பிறகு அங்கேயே விரிசல் விடலாம். இரண்டு சட்டத்திலும் ஆளுக்கொரு கொக்கி இருந்தால், இரண்டிலும் கயிற்றைப் பிரித்துக் கட்டி நேராக இழுக்கலாம்.

இதில் உயிர் இருக்கிறது. இழுக்கும்போது சங்கிலி அறுந்தாலோ கொக்கி பெயர்ந்தாலோ துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர் எல்லோரையும் இறக்கிவிட்டு, “கயிறு நீளத்துக்கு மேலயே தள்ளி நில்லுங்கம்மா” என்பார். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போடுவதும் அதற்காகத்தான். அறுந்தாலும் வீச்சு குறையும்.

சட்டமும் இதில் வருகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு வண்டிகளின் முன்னால் மாட்டும் கம்பித் தடுப்புகளுக்குத் தடை சொன்னது. 2019 ஜனவரியில், கேரள வழக்கு ஒன்றில், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எனவே புதிதாக எதையும் பூட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்றைய கார்கள் பலவற்றில் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். டூல்ஸ் பையில் உள்ள வளையத்தை அங்கே திருகிக்கொள்ளலாம். உங்கள் பிள்ளைகளின் காரில் அது எங்கே இருக்கிறது என்று ஒருநாள் பார்த்து வையுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது மலைக்கு ஜீப்பில் போகிறார்களா? அந்த வண்டியின் முகப்பைக் குனிந்து பாருங்கள். கொக்கி சேஸில் இருக்கிறதா, பம்பரில் இருக்கிறதா என்று. பம்பரில் என்றால் டிரைவர் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.